கிணற்றடியில் நின்று என்ன கேட்கிறார்கள்?

ராஜபாளையம்,
ஜனவரி 4, 2025

அன்பு மகன் பெலிக்சுக்கு,

பரிபூரணம் சித்தி எழுதிக்கொண்டது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே இரண்டு கிழவிகளும் உயிரோடு இருக்கிறோம். நீ ஊர் ஊராகச் சுற்றுகிறவன், கண்ட தண்ணீரையும் குடிக்காதே.

உன் அம்மாவுக்கு இடுப்பில் வைத்த கம்பி நன்றாகச் சேர்ந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். ஆனால் மகாராணிக்குக் கட்டிலை விட்டு இறங்க மனசில்லை. இடுப்புத்தான் ஒடிந்ததே தவிர நாக்கு ஒடியவில்லை. கஞ்சியில் உப்பு இல்லை, போர்வையில் மூட்டைப்பூச்சி என்று விடிந்ததிலிருந்து வாய் அசைந்தபடியே இருக்கிறது. அடுத்த வீட்டை நீங்கள் விற்ற பிறகு என்னிடம் வந்து கிடக்கிறாளே என்று நான் சலித்துக்கொள்ளவில்லை. ஓரகத்தி என்றாலும் அக்கா மாதிரிதான். காது செத்துப் போன எனக்கு, வீட்டில் ஒரு வாய் அசைவதும் துணைதான்.

விஷயத்துக்கு வருகிறேன். கிறிஸ்துமஸ் கழிந்ததிலிருந்து நம் வளவுக் கிணற்றடிக்கு வெளியூர் ஆட்கள் வந்து நிற்கிறார்கள். எல்லார் காதிலும் எதையோ செருகியிருக்கிறார்கள். முதலில் கிணற்றுக் கம்பிவலைக்குள் எட்டிப் பார்க்கிறார்கள். பிறகு திரும்பி என் வீட்டைப் பார்க்கிறார்கள். நான் வாசலில் இருந்தால் என்னையும் பார்க்கிறார்கள். முந்தாநாள் ஒருத்தி என் கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தைத் திணித்துவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு போனாள். எனக்கு என்ன பிச்சைக்காரி வேஷமா?

இது நீ பேசிப் பதிந்ததுதான் என்று உன் அம்மா சொன்னாள். என்ன பேசியிருக்கான் என்று கேட்டால், "நல்லதாத்தாம்ட்டி சொல்லிருப்பான்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். போனில் கேட்க எனக்குக் காது இல்லை. அதனால் எழுதுகிறேன். என்னைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறாய்?

அன்புள்ள சித்தி,
பரிபூரணம்

*

ஹம்பி,
ஜனவரி 19, 2025

அன்புள்ள சித்திக்கு,

பெலிக்சின் தோத்திரம். நான் நலம். இங்கே பகலில் வெயில், இரவில் குளிர். அம்மாவுக்குத் தைலம் தேய்த்து விடுகிறீர்களாமே, போனில் சொன்னாள். உங்களுக்கு நான் என்ன கைமாறு செய்யப் போகிறேன்.

நீங்கள் பயப்பட ஒன்றுமில்லை சித்தி. இப்போது சுற்றுலா வருகிறவர்கள் வழிகாட்டி ஆளைத் தேடுவதில்லை. எங்கள் கம்பெனியின் பதிவை போனில் போட்டுக்கொண்டு நடப்பார்கள். அவர்கள் நிற்கிற இடத்தின் கதை என் குரலில் தானாகக் கேட்கும். பின்னணியில் பொருத்தமான சத்தங்களும் சேர்ப்போம். ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்தில் தொடங்கி, தேர் வீதி, தெப்பக்குளம், பால்கோவாக் கடைகள், செண்பகத்தோப்பு என்று ஐந்து இடங்கள். ஆறாவதாக நம் வளவுக் கிணறு. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வருகிறவன் கோபுரத்தைப் பார்த்ததும் பஸ் ஏறிவிடுகிறான். அவனை ராஜபாளையம் வரைக்கும் இழுக்க, மனதைத் தொடுகிற ஒன்று வேண்டும் என்றார்கள். அதனால் மில்லில் உழைத்த பெண்களைப் பற்றிப் பேசினேன். உங்களைப் பற்றியும் பெருமையாக நாலு வார்த்தை.

அம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கள். கடுதாசியைக் கம்பெனி விலாசத்துக்கே போடுங்கள், நான் இருக்கிற ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.

உங்கள் அன்பு மகன்,
பெலிக்ஸ்

*

ராஜபாளையம்,
பிப்ரவரி 2, 2025

அன்பு மகனுக்கு,

சுகம். உன் சுகமும் அப்படியே இருக்கட்டும். உன் அம்மாவுக்கு நேற்று இரண்டு தோசை இறங்கியது.

ஏலே, நான் மில்லில் உழைத்ததற்கா ஒருத்தி மூக்கைச் சிந்துவாள்? இந்த ஊரில் மில்லில் உழைக்காத பொம்பளை எத்தனை பேர்? அவர்கள் வீட்டு வாசலில் எல்லாம் கூட்டம் நிற்கிறதா? சித்தி எட்டாம் வகுப்புத்தான், ஆனால் கேணச்சி இல்லை.

போன ஞாயிறு ஒரு குடும்பம் வந்தது. கைப்பிள்ளையோடு ஒரு தாய். காதில் கேட்டுக்கொண்டே நின்றவள், என்னைக் கண்டதும் பிள்ளையை இழுத்து நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். நாய் கடிக்க வந்தால் இழுப்பார்களே, அப்படி. பிள்ளை அழ ஆரம்பித்துவிட்டது. எனக்கு உடம்பு கூசிவிட்டது பெலிக்ஸ். நான் என்ன பிள்ளை பிடிக்கிறவளா?

நான் பொறுத்துப் போகிறவள் என்று உனக்குத் தெரியும். ஆனால் என்னை வைத்து ஊரே எதையோ கேட்கிறது, எனக்கு மட்டும் தெரியவில்லை என்றால் சோறு இறங்குமா? அந்தப் பேச்சை அப்படியே ஒரு தாளில் எழுதி அனுப்பு. ஒரு சொல் குறையக்கூடாது.

அன்புள்ள சித்தி,
பரிபூரணம்

*

பூரி,
பிப்ரவரி 20, 2025

அன்புள்ள சித்திக்கு,

தோத்திரம். கடற்கரையில் அலைச் சத்தம் பதிந்து பதிந்து எனக்கே காது அடைத்துவிட்டது. மற்றபடி நலம். அம்மாவுக்குப் புண் வராமல் புரட்டிப் படுக்க வையுங்கள்.

நீங்கள் கேட்டபடி, பதிவில் உள்ளதை எழுதுகிறேன்:

"இந்தக் கல் கிணறு மில் தொழிலாளர் வளவுக்காக வெட்டப்பட்டது. எதிரே பச்சைக் கதவு போட்ட வீட்டில் ஒரு தாய் வாழ்கிறாள். இளம் வயதில் மில்லில் பஞ்சுத் தூசிக்கும் இயந்திர இரைச்சலுக்கும் நடுவில் உழைத்தவள். காய்ச்சலில் கேட்கும் சக்தியை இழந்தும் மனம் தளராதவள். கணவனை இழந்தபின்னும் யாரிடமும் கையேந்தாதவள். அவளைப் பார்த்தால் ஒரு புன்னகை செய்துவிட்டுப் போங்கள்."

இவ்வளவுதான் சித்தி. நகரத்து ஜனங்கள் இதற்கே அழுவார்கள். அவர்களுக்கு வேறு வேலை இல்லை.

உங்கள் அன்பு மகன்,
பெலிக்ஸ்

*

ராஜபாளையம்,
மார்ச் 6, 2025

என் கண்ணான மகனுக்கு,

நீ நூறு வருஷம் இருக்க வேண்டும். நானும் அம்மாவும் சுகம். அம்மா நேற்று சுவரைப் பிடித்துக்கொண்டு செத்த நேரம் நின்றாள்.

உன் கடுதாசியைப் படித்துவிட்டு ஒரு மூச்சு அழுதேன். உன் சித்தப்பா இருந்தவரை ஒரு நாளாவது என்னை மெச்சிப் பேசியிருப்பாரா? நீ நாலு ஜில்லா ஜனங்களுக்குச் சொல்லியிருக்கிறாய். உன்னைத் திட்டியதற்கு மன்னித்துக்கொள். போன ஈஸ்டருக்கு எடுத்த நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு இப்போது நானே வாசலில் நிற்கிறேன். வருகிறவர்களுக்கு வெல்லம் போட்ட பானகம் கொடுக்கிறேன். அவர்கள் குடிக்க முடியாமல் குடிக்கிறார்கள். பாவம், கூச்சம்.

அந்தக் கிணற்றை நான் ஒரு நாளும் நல்ல கண்ணால் பார்த்ததில்லை. என் செல்வின் இருந்தால் இந்த மாதம் முப்பது முடியும். மூன்று வயதில் அதில் விழுந்தான். நான் அடுப்படியில் இருந்தேன். அப்போது என் காது போய் ஒரு வருஷம். உன் அம்மாவும் நானும் புறவாசல் சுவர்ச் சண்டையில் பேச்சை நிறுத்தியிருந்த நேரம். ஆனாலும் அன்றைக்கு அவள்தான் ஓடி வந்து என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "பிள்ளை ஒரு சத்தமும் போடலட்டி. விழுந்த உடனே கர்த்தர் எடுத்துக்கிட்டார். காது உள்ளவளா இருந்தாலும் உனக்குக் கேட்டிருக்காது" என்று சொன்னாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் சாகாமல் இருந்தேன். அதற்காகவே அவளுக்குச் சாகும்வரை பீ மூத்திரம் அள்ளலாம்.

இப்போது அதே கிணற்றடியில் என் பேரை நாலு பேர் நல்லபடியாகக் கேட்கிறார்கள். போதும்.

அன்புள்ள சித்தி,
பரிபூரணம்

*

காசி,
மார்ச் 25, 2025

அன்புள்ள சித்திக்கு,

தோத்திரம். நலம். அவசரமாக எழுதுகிறேன்.

வருகிறவர்களோடு நீங்கள் பழக வேண்டாம் சித்தி. பானகமும் கொடுக்க வேண்டாம். கேட்கிறவர்கள் தனியாகக் கேட்டால்தான் மனதில் நிற்கும், இடையில் யாரும் பேசக்கூடாது என்பது கம்பெனி விதி. வெயிலும் ஏறுகிறது, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருங்கள். மே மாதம் வருகிறேன், நேரில் எல்லாம் பேசுவோம்.

அம்மா நின்றாள் என்று கேட்டு சந்தோஷம்.

உங்கள் மகன்,
பெலிக்ஸ்

*

ராஜபாளையம்,
ஏப்ரல் 11, 2025

பெலிக்சுக்கு,

பரிபூரணம் எழுதுவது. உயிரோடு இருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை சேத்தூரிலிருந்து ஒரு காலேஜ் பிள்ளை தனியாக வந்தாள். பேர் இந்து. எனக்கு ஒரு ஆசை வந்தது. என்னைப் பற்றி நீ பேசியதைத் தாளில் படித்தாயிற்று, ஒரு வாயிலிருந்தும் வாங்கிப் பார்க்க வேண்டும் என்று. மில்லில் ஓடுகிற மிஷின் பக்கத்தில் யாருக்கும் எதுவும் கேட்காது. நாங்கள் எல்லாரும் உதட்டைப் பார்த்தேதான் ஊர்க்கதை பேசுவோம். காது போன பிறகு எனக்கு அதுதான் பிழைப்பு. நான் அந்தப் பிள்ளையை வெளிச்சத்தில் நிறுத்தி, "உன் காதுல விழுததை அப்படியே ஒவ்வொண்ணா வாயால சொல்லு தாயி, சத்தம் வேண்டாம்" என்றேன்.

சிரித்துக்கொண்டே ஆரம்பித்தாள். கிணறு வெட்டினது, மில், பஞ்சு எல்லாம் சொன்னாள். அப்புறம் அவள் வாய் நின்றுவிட்டது.

"ஆச்சி, அது நீங்கதானா?"

"நான்தான். சொல்லு."

"வேண்டாம் ஆச்சி."

"சொல்லுட்டி!"

நான் கத்தியிருப்பேன் போல. அவள் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். நீ எழுதாமல் விட்டதை நான் எழுதுகிறேன், சரியா என்று பார்த்துக்கொள்.

"பச்சைக் கதவு வீட்டுத் தாய்க்குக் காது கேட்காது. அவளுடைய மூன்று வயது மகன் இந்தக் கிணற்றில் விழுந்தான். விழுந்தவுடன் அவன் இறக்கவில்லை. உள்படியைப் பற்றிக்கொண்டு வெகுநேரம் அம்மா, அம்மா என்று அழுதான். அழுகையைக் கேட்டவர்கள், தாய் பக்கத்தில்தானே இருக்கிறாள் என்று நினைத்தார்கள். தாய் சில அடி தூரத்தில் சமைத்துக்கொண்டிருந்தாள். அவன் அழுதது அவளுக்கு இன்றுவரை தெரியாது. அவளைப் பார்த்தால் ஒரு புன்னகை செய்துவிட்டுப் போங்கள்."

அப்புறம் என்ன என்று கேட்டேன். "பேச்சு இல்லை ஆச்சி. ஒரு பிள்ளை அழுத சத்தம் வருது" என்றாள். சொல்லிவிட்டு என் காலைப் பிடித்துக்கொண்டு அவளும் அழுதாள். நான் அவளைத் தூக்கி, முகத்தைத் துடைத்து, பஸ் ஏற்றிவிட்டு வந்தேன்.

பெலிக்ஸ், என் பிள்ளை அழுததை நான் கேட்கவில்லை. சரி, என் காது அப்படி. இப்போது ஊரான் ஊரான் எல்லாம் காசு கட்டிக் கேட்கிறான். நான் அவனுக்குப் பானகம் கலக்கிக் கொடுத்திருக்கிறேன். நீலச் சேலை கட்டிக்கொண்டு!

இரண்டு கேள்வி கேட்கிறேன். அழுகிறது யார் பெற்ற பிள்ளை?

இரண்டாவது. அன்றைக்குப் பகல் ஷிப்ட். ஆம்பளை பொம்பளை எல்லாரும் மில்லுக்குப் போய்விட்டார்கள். வளவில் இருந்தது நானும், அடுத்த வீட்டில் உன் அம்மாவும் மட்டும். நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். அவன் வெகுநேரம் அழுதான் என்று உனக்குச் சொன்னது யார்? "கேட்டவர்கள்" என்று கூட்டமாகச் சொல்லியிருக்கிறாயே, யாரெல்லாம் அந்தக் கூட்டம்?

உன் அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவளிடமும் கேட்டேன். "நீ கேட்டியா?" என்றேன். இத்தனை மாதமாக ஓயாத வாய், பசை போட்டு ஒட்டினது மாதிரி மூடிக்கொண்டது. கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் காதுப் பக்கமாக இறங்கியது.

எனக்குப் பதில் எழுது. இதுவும் பொய் என்றால் எழுதாதே.

பரிபூரணம்

*

ஜெய்சல்மேர்,
ஏப்ரல் 22, 2025

சித்தி,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. நீங்கள் நலமா என்று கேட்கவும் எனக்கு அருகதை இல்லை.

அம்மாதான் சொன்னாள். ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிந்த அன்று, பிழைக்க மாட்டோம் என்று நினைத்துச் சொன்னாள். முதலில் செல்வின் ஏதோ அடம்பிடித்து அழுகிறான் என்றுதான் நினைத்தாளாம். பிறகு சத்தம் கிணற்றுப் பக்கம் என்று தெரிந்ததாம். "அவ பிள்ளை, அவ பார்க்கட்டும், நான் போனா சுவரை விட்டுக்குடுத்துட்டு வந்ததாச் சொல்லுவா" என்று திண்டாடிக்கொண்டே இருந்தாளாம். அதற்குள் சத்தம் நின்றுவிட்டது. உங்களுக்குக் காது போனது அந்த நேரத்தில் நினைவுக்கே வரவில்லை என்கிறாள். நான் அவளை நம்புகிறேன். நீங்களும் நம்ப வேண்டும்.

பதிவில் அவள் பேர் வரக்கூடாது என்றுதான் "கேட்டவர்கள்" என்று மாற்றினேன். ராஜபாளையத்துக்குக் கதை வேண்டும், வேண்டும் என்று கம்பெனிக்காரர்கள் உயிரை எடுத்தார்கள். என்னிடம் இருந்தது அதுதான். உங்களுக்குக் கேட்கவே போவதில்லை என்று நினைத்துவிட்டேன். என்னை மன்னியுங்கள்.

அந்த அழுகை பிளவக்கல் அணையில் பதிந்தது. ஐஸ் வாங்கித் தரவில்லை என்று ஒரு பிள்ளை அழுதது. அதன் பெற்றோருக்கும் தெரியாது.

ஆறாம் இடத்தை எடுத்துவிடச் சொல்கிறேன். அதைத்தான் நிறையப் பேர் விரும்பிக் கேட்கிறார்கள் என்று தயங்குகிறார்கள், ஆனால் எடுக்க வைப்பேன். மே இருபதுக்குள் வந்து அம்மாவை அழைத்துப் போகிறேன். நாலு நாளாக அவள் போன் அணைந்திருக்கிறது சித்தி. அவள் எப்படி இருக்கிறாள்? ஒரு வரி எழுதுங்கள். உங்கள் காலில் விழுகிறேன்.

பெலிக்ஸ்

*

ராஜபாளையம்,
மே 3, 2025

பெலிக்சுக்கு,

நான் சுகம். உன் அம்மாவைப் பற்றிக் கேட்டிருந்தாய். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

உன் அம்மாவை நான் அடிக்கவில்லை. பட்டினி போடவில்லை. காலையில் கஞ்சி, மத்தியானம் சோறு, ராத்திரி இட்லி, அந்தந்த வேளைக்கு மாத்திரை. புரட்டிப் படுக்க வைக்கிறேன், துணி மாற்றுகிறேன், தைலமும் தேய்க்கிறேன். நீ டாக்டரைக் கூட்டி வந்து காட்டினாலும் ஒரு புண் இருக்காது. வளவில் யாரைக் கேட்டாலும் பரிபூரணம் மாதிரி பார்க்க ஆள் கிடையாது என்றுதான் சொல்வார்கள்.

அவள் முகத்தைப் பார்ப்பதை மட்டும் விட்டுவிட்டேன். கழுத்துக்கு மேலே என் கண் போவதில்லை. உதட்டைப் பார்த்தால்தானே எனக்கு அது பேச்சு? சோறு ஊட்டும்போது கிண்ணத்தைப் பார்த்தே ஊட்டுகிறேன். முதல் இரண்டு நாள் கையால் என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பப் பார்த்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். பொறவு சேலையைப் பிடித்து இழுத்தாள். கையை எடுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். மன்னிப்புத்தான் கேட்கிறாளோ, மூத்திரம்தான் வருகிறதோ, எனக்கு எப்படித் தெரியும்?

போன் கட்டிலிலிருந்து விழுந்து உடைந்து கிடந்தது. விழுந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

உன் மேல் கொலைவெறி வந்தது, உண்மைதான். அது இப்போது ஆறிவிட்டது. அவள் மேல் உள்ளது ஆறவில்லை. இருபத்தேழு வருஷம் என் கையால் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறாள். அவன் நினைவு நாளுக்குப் பூ வாங்கிக் கொடுத்திருக்கிறாள். நம்பு என்கிறாய். நம்புகிறேன். அவளுக்கு என் காது நினைவுக்கு வரவில்லை. எனக்கு அவள் நாக்கு நினைவுக்கு வருவதில்லை.

அப்புறம் ஒன்று. ஆறாம் இடத்தை எடுக்க வேண்டாம் என்று உன் கம்பெனிக்காரர்களிடம் சொல்லிவிடு. அப்படியே இருக்கட்டும். ஆட்கள் வருவதில் எனக்கும் பொழுதுபோகிறது.

நேற்று சாயங்காலம் மதுரையிலிருந்து ஒரு புருசனும் பெண்டாட்டியும் வந்திருந்தார்கள். புருசன் கிணற்றைப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். அந்தப் பெண் என் ஜன்னல் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். காதில் ஒன்றைக் கழற்றினாள், மறுபடி மாட்டினாள். பிறகு என்னிடம் வந்து, "அம்மா, உள்ள யாரோ ஒரு வயசானவங்க பரிபூரணம், பரிபூரணம்னு கூப்பிடுற மாதிரி இருக்கே. நிஜமா கூப்பிடுறாங்களா, இல்ல இதுக்குள்ள வருதா?" என்றாள்.

அவள் உதட்டில் என் பேரைப் பார்த்தேன். நல்லாவே தெரிந்தது.

"எனக்குக் காது கேக்காது தாயி. அதுக்குள்ளதான் வரும். எங்க மகன் சத்தமெல்லாம் அச்சு அசலாச் சேப்பான்" என்று சொன்னேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டு, இரண்டு காதிலும் நன்றாக அழுத்தி மாட்டிக்கொண்டாள். என்னைப் பார்த்து ஒரு புன்னகை செய்தாள். இரண்டு பேரும் பஸ் நிற்கிற பக்கமாக நடந்து போனார்கள்.

நீ மே இருபதுக்கு வருவதாக எழுதியிருந்தாய். அவசரப்படாதே, வேலையை முடித்துக்கொண்டு மெதுவாக வா.

பரிபூரணம்